கேட்டதாகச் சொன்னார்

போன் அடித்ததும் பிரவீனா பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டாள். நான் கூப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் காதைக் கழற்றி எங்கள் ஜன்னலில் வைத்துவிடுவாள் போலிருக்கிறது.

அவளுடைய வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்குப் போர்வெல் லாரியில் வேலை. தீபாவளி முடிந்து மத்தியப்பிரதேசம் போன வண்டி. என் வீட்டுக்காரரும் அதே வண்டியில்தான் போனார்.

போன் எங்களுடையது. வாராவாரம் என்னோடு பேச வேண்டும் என்று அவர்தான் எழுதிப்போட்டு வாங்கி வைத்தார். பேசுவது என்னவோ ஆறுச்சாமிதான்.

அவர்கள் கூச்சப்படாமல் பேசட்டும் என்று நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். பொறாமையாகத்தான் இருக்கும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பேசி முடித்ததும் பிரவீனா அடுப்படிக்கு வருவாள்.

"அண்ணன் உங்களைக் கேட்டாருங்களாம் அக்கா. பூத்துல ஒரே கூட்டங்களாம், அதான் பேச முடியலைங்களாம்."

ஒரு வாரம் அவருக்குச் சளி பிடித்திருக்கும். ஒரு வாரம் நான் கட்டிக் கொடுத்த எள்ளுப்பொடி தீர்ந்து போயிருக்கும். ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போவாள்.

இன்றைக்கு வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆறுச்சாமி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வருகிறாராம். சென்னிமலையில் தறி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். புதன்கிழமை ரயில்.

அப்புறம்தான் அவளுக்கு என் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. இனி எங்கள் வீட்டுக்குப் போன் வராது.

அண்ணன் கேட்டதாக இந்த வாரமும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் தைப்பூசத்துக்கு முன்பே அந்த வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டார். எங்கே, யாரோடு என்று ஒருவருக்கும் தெரியாது. திருச்செங்கோட்டில் வண்டி முதலாளி வீட்டுக்கு நான் போயிருந்தபோது, மாசி மாதமே சொல்லிவிட்டார்கள். இப்போது சித்திரை பிறந்துவிட்டது.

பிரவீனாவுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

காப்பியை ஆற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"ஆறுச்சாமி வந்தா என்ன கண்ணு, ஞாயித்துக்கிழமை நீ பாட்டுக்கு வா. உங்க அண்ணனைப் பத்தி எதையாச்சும் சொல்லிட்டுப் போ."