சுத்தமான கால்

"காப்பு கட்டின நாள்லேர்ந்து எங்கப்பா முட்டைகூடத் தொடல. அவரையா விரதம் கெட்டவர்னு மைக்குல சொன்னீங்க?"

லோஷினியின் சத்தத்தில் ஸ்கூடாய் டவுன் கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பா கமலநாதன் ஈரத்துண்டு சுற்றிய கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். நேற்று தீமிதியில் பாதம் இரண்டும் வெந்துவிட்டன. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வருடம் தவறாமல் இறங்குகிறவர். ஒரு கொப்புளம் கண்டதில்லை.

எதிரில் கோயில் தலைவர் ஐயாசாமி. இவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிலிப்பரில் இருந்த இடத்தில் அவர் மட்டும் கறுப்பு ஷூ போட்டிருந்தார்.

"ஆத்தா நெருப்பு ஆள் பார்த்துத்தான் சுடும்மா. முதல் ஆளா நானும்தான் இறங்கினேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றார் ஐயாசாமி. "உங்க வீட்டுலதான் ஏதோ சுத்தக் குறைவு. போய் உங்கம்மாவக் கேளு."

"எங்கம்மாவ இழுக்காதீங்க! நேத்துலேர்ந்து தாமான்ல வீட்டுக்கு வீடு அவங்களத்தான் பேசுறாங்க. கடைக்குக்கூடப் போக முடியல. எல்லாம் உங்க மைக்கால வந்தது."

"அடுத்த வருஷத்துலேர்ந்து உங்கப்பா இறங்க வேணாம். கமிட்டி முடிவு."

"கமிட்டி எப்ப கூடுச்சு?"

"நான் சொன்னா கூடின மாதிரிதான் லா."

கமலநாதன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "தலைவரே, என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. எம் பொண்டாட்டி யோகேஸ்வரியச் சொல்லாதீங்க. அவ என்ன செஞ்சா?"

உள்ளேயிருந்து டாக்டர் சுகந்தினி வெளியே வந்தார். "இது கிளினிக்கா, மீன் விக்கிற பசாரா?"

ஐயாசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். டாக்டருக்குக்கூட எழுந்து நிற்காத திமிரைப் பார்த்து லோஷினிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் குனிந்து துண்டை விலக்கினார். குதிகாலை மெல்ல உயர்த்திப் பார்த்தார்.

"செனாய் ஃபேக்டரில நின்னு வேலை பார்க்கிற ஆள்தானே நீங்க? கடினத் தோலே இல்லையே. பச்சப்புள்ள கால் மாதிரி இருக்கு. என்ன போட்டீங்க?"

கமலநாதன் கூசினார். "கால்ல ஒரே வெடிப்பு டாக்டர். அழுக்குக் காலோட ஆத்தா பூவ மிதிக்கக் கூடாதுன்னு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். பிளாஸ்டிக் சாக்ஸ் மாதிரி, உள்ள தண்ணியா இருக்கும். ஒரு மணி நேரம் போட்டாப் போதும். ஒரு வாரத்துல தோலெல்லாம் பாம்புச் சட்டை மாதிரி உரிஞ்சிரும்."

"அது தண்ணி இல்ல. ஆசிட்."

"ஆசிட்டா? டப்பாவுல பீச் பழம்தானே போட்டிருந்துச்சு!"

"பழத்தப் போட்டுத்தான் விப்பாங்க. கெட்ட சாமான் இல்ல. தடிச்ச தோலு, கால் ஆணி, பருவுக்கு நானே எழுதித் தர்றேன். ஆனா உரிஞ்சதுக்கு அப்புறம் இருக்கிறது புதுத் தோல். வெயில் பட்டாலே எரியும். நீங்க தணல்ல இறங்கியிருக்கீங்க! நல்லவேளை, உங்களுக்குச் சர்க்கரை இல்ல. சர்க்கரை உள்ளவங்க டாக்டரக் கேக்காம இதப் போடவே கூடாது. புண்ணு ஆறாம காலையே எடுக்க வேண்டி வரும்."

லோஷினி ஐயாசாமி பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா தலைவரே? சுத்தம் குறைஞ்சு சுடல. சுத்தம் கூடிப்போய்ச் சுட்டிருக்கு. இத மைக்குல சொல்லுங்க! எங்கம்மா பேரச் சொல்லிச் சொல்லுங்க!"

ஐயாசாமி ஷூக் கால்களை நாற்காலிக்கு அடியில் மெல்ல இழுத்துக்கொண்டார். ஏர்கான் காற்றிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

டாக்டர் கமலநாதனைக் கேட்டார். "இதெல்லாம் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு வருமே. இன்னொரு ஜோடி எங்க? வேற யாராச்சும் போட்டாங்களா?"

கமலநாதன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். வெளியே சொல்லக் கூடாது என்று அதை வாங்கிக்கொண்டு போன ஆள் சத்தியம் வாங்கியிருந்தார்.

அப்போது நர்ஸ் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கமலநாதனைத் தாண்டிப் போய், அதை ஐயாசாமியின் முன்னால் நிறுத்தினாள்.

"அங்கிள், உங்க நம்பர் வந்திருச்சு. முதல்ல அந்த ஷூவக் கழட்டுங்க லா, கொப்புளமெல்லாம் உடைஞ்சு சாக்ஸ் நனைஞ்சிருக்கு பாருங்க."