பீளமேடு ஒண்ணு

கண்டக்டர் கேட்காமலேயே டிக்கெட்டைக் கிழித்துவிட்டார்.

நவ இந்தியா ஸ்டாப்.

அவன் கையை நீட்டவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தான்.

"தெனமும் அங்கதானுங்களே எறங்குவீங்க?"

தினமும்தான். பதினோரு வருடம்.

வேலை பீளமேட்டில், ஒரு மோட்டார் பட்டறையில். முதல் நாள் அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். உதடுகள் ஒட்டிக்கொண்டன. திக்குவாய் சிறுவயதிலிருந்தே உண்டு. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அன்றைய கண்டக்டர் பொறுமையிழந்து, நவ இந்தியாவா என்று கேட்டார்.

தலையாட்டிவிட்டான்.

அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் தினமும் இருபது நிமிட நடை. டிக்கெட் எடுத்த இடத்தைத் தாண்டிப் பயணம் செய்ய அவனுக்கு மனம் வராது.

இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தான்.

அவனுடைய சாப்பாட்டுப் பை மூன்றாவது இருக்கையில் ஓர் அம்மாளின் மடியில் இருந்தது. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆறு மாதமாக அவன் பையை அவர்தான் வாங்குகிறார். கூடவே ஏதாவது கேட்பார். இன்றைக்கு என்ன குழம்பு, உங்கள் பக்கம் மழையா. கேட்டுவிட்டு வெளியே வேடிக்கை பார்ப்பார். பதில் எவ்வளவு தாமதமானாலும் சரி.

ஒரு நாளும் அவனுடைய சொல்லை அவர் முடித்துவைத்ததில்லை.

"அப்ப வேற எங்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"ப்..."

லட்சுமி மில் தாண்டியது. பஸ்ஸே அவன் வாயைப் பார்த்தது.

"பாப்பநாயக்கன்பாளையமா?" என்றது ஒரு குரல்.

"அது பின்னால போயிருச்சப்பா" என்றது இன்னொன்று.

"செத்த சும்மா இருங்கப்பா. அவரு வாயி, அவரு சொல்லுவாரு."

அந்த அம்மாள்தான்.



நவ இந்தியா வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்தார். ஊதவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அவன் அவசரப்படவில்லை.

மூன்று முறை உடைந்தது. நான்காவது முறை முழுதாக வந்தது.

"பீளமேடு ஒண்ணு."

விசில்.

தினமும் நடக்கும் சாலை ஜன்னலில் ஓடியது. இவ்வளவுதானா என்று இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் நகர்ந்து, கம்பியில் அவன் கைக்கு இடம் விட்டார்.

"எம் பேரு அம்சவேணிங்க" என்றார் அந்த அம்மாள். "உங்க பேரு?"

அவன் பெயரும் உதடு ஒட்டித்தான் தொடங்கும். பெயர் கேட்கும் இடங்களில் ஆதார் அட்டையை நீட்டிவிடுவதே வழக்கம். அட்டை சட்டைப்பையில்தான் இருந்தது.

பீளமேடு வர இன்னும் இரண்டு நிமிடம்.

தாராளம்.