ஊர்ச் சம்மதம்

கரடி அடித்து இறந்த தோகுஜியின் வீட்டில், பிக்கு மந்திரம் ஓதிவிட்டுப் போனதும் எங்கள் மலையூர்க் கூட்டம் அங்கேயே கூடியது. தோகுஜியின் மனைவி ரித்சுகோ தேநீர் ஊற்றினாள்.

"கரடி இந்தக் காட்டோட பிள்ளை. சுடக் கூடாது," என்றார் வாத்தியார் ஹிசாவோ.

"அந்தப் பிள்ளைதான் தோகுஜியைக் கிழிச்சுப் போட்டுச்சு, வாத்தியாரே! நாளைக்கு உங்க பேத்தியைக் கிழிச்சா?" என்று சீறினாள் கடைக்கார மசுயோ.

"அதுக்காக மொத்தத்தையும் அழிக்கணுமா?"

"யாரு அழிக்கச் சொன்னா? வருஷத்துக்கு இத்தனைன்னு கணக்கு வச்சுச் சுடுவோம்."

கடைசியில் ஹிசாவோவும் கை தூக்கினார். வேட்டைக்கு ஊர் சம்மதித்தது.

"சரி, யார் சுடறது?" என்றேன்.

ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் ஒருவரிடம்தான் இருந்தது. எல்லோரும் ஊதுவத்திக்குப் பின்னால் இருந்த தோகுஜியின் படத்தைப் பார்த்தோம்.

ரித்சுகோ படத்தின் முன் மணியைத் தட்டினாள்.

"இத்தனை வருஷமா கெஞ்சினீங்களே... ஊர் சம்மதிச்சிடுச்சுங்க."