பேனரில் ஓர் எழுத்து

பிரெஞ்சு வரலாற்று ஆண்டு மாநாடு தொடங்க இன்னும் அரைமணி நேரம். சன்னல் வழியே விழும் காலை வெயிலில் மேடை பேனர் பளிச்சென்று தெரிகிறது. ‘பிரெஞ்சுப் புரட்சி’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘பிரெஞ்சுப் புரட்டு’ என்றிருக்கிறது. மாநாட்டை நடத்தும் பேராசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏணியில் ஏறி, தாளில் எழுதிய ‘சி’யை டேப் போட்டு ஒட்டுகிறாள், அது சுருண்டு விழுகிறது. கீழே காலடிச் சத்தம். திரும்பிப் பார்க்கிறாள். ஒரு நூல் மதிப்புரையால் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வரலாற்றாசிரியர்கள், ஒரே நேரத்தில் உள்ளே வந்து, அண்ணாந்து பேனரைப் படிக்கிறார்கள்.

“உங்க புத்தகத்தைப் பத்தி நான் எழுதினதை அப்படியே போட்டுட்டாங்க போல,” என்கிறார் மதிப்புரை எழுதிய நெட்டையர்.

வழுக்கைத்தலையர் அவரை முறைக்கிறார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கிறார். “நீங்க நாப்பது பக்கம் எழுதினீங்க. இவங்க ஒரே எழுத்துல முடிச்சுட்டாங்க.”

“மேடம், இறங்குங்க. நாங்க ஒட்டுறோம்,” என்கிறார் நெட்டையர்.

ஒருவர் ஏணியைப் பிடிக்க, மற்றவர் ஏறுகிறார். எழுத்து கோணலா, நேரா என்று அடுத்த சண்டை தொடங்குகிறது. பேராசிரியை முதல் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, விருந்தினருக்கு வைத்த பிஸ்கட்டை எடுத்து நிதானமாகக் கடிக்கிறாள்.