ஜெராக்ஸ் அக்கா வாங்கிய ஓட்டு

"ஒன்று" என்று வாசித்தார் எண்ணும் அதிகாரி.

வாசித்துவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தாளை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தப்பில்லை. வார்டு மெம்பருக்கு நானூற்றுச் சொச்சம். ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒன்று.

பள்ளிக்கூட ஹாலே சிரித்தது.

முதலில் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் அது பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. மாடிவீட்டு டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அயர்ன்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அக்காவின் கூடப்பிறந்த அண்ணன், மெம்பரின் தோளில் கைபோட்டபடி, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வேட்பாளர்களுக்கென்று முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மெம்பர் எப்போதோ எழுந்துபோய்க் கூட்டத்தில் கலந்துவிட்டார். அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஜெயிப்போம் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவள் நின்றதே, தேர்தல் என்று ஒன்று நடக்கட்டும் என்றுதான்.

அந்த வார்டில் இரண்டு தடவையாகத் தேர்தலே கிடையாது. எதிர்த்து நிற்க ஆளில்லாமல் மெம்பர் வீட்டில் உட்கார்ந்தபடியே மெம்பர் ஆனார். சாக்கடை அடைத்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, அவரும் எட்டிப் பார்க்கவில்லை. மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் வரலாம் என்று வாசலில் போர்டு இருந்தது. போனது அக்கா ஒருத்திதான். அவளைப் பார்த்த வாட்ச்மேன், யாரையோ கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று நினைத்து வெளியே காத்திருக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் மனுத் தாக்கல் செய்தாள். முன்மொழிய ஓர் ஆள் வேண்டும். அயர்ன்காரரிடம் போய் நின்றாள்.

"கையெழுத்துன்னா இப்பவே போடறேன்க்கா. ஓட்டு மட்டும் கேட்டுடாதீங்க. மெம்பர் வீட்டுத் துணி பூரா நம்மகிட்டதான் வருது."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். தன் கடை மெஷினில் தானே அடித்த நோட்டீஸ். அதில் அவள் பெயரே இல்லை. 'ஓட்டுப் போட வாங்க. யாருக்கு வேணும்னாலும் போடுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க.' அவ்வளவுதான்.

அண்ணி கதவைப் பாதி திறந்து, நோட்டீஸைக் கையில் வாங்காமலே படித்தாள்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? பொழுது போகலைன்னா டிவி பாரேன்."

அண்ணி சொன்னதில் பாதி நிஜம்.

கணவர் போனபிறகு அக்காவுக்குப் பேச்சுத்துணை அந்த மெஷினின் இரைச்சல்தான். வருகிறவர்கள் போனில் பேசிக்கொண்டே தாளை நீட்டுவார்கள், பேசிக்கொண்டே காசைக் கொடுப்பார்கள், பேசிக்கொண்டே போய்விடுவார்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். கடைக்கு மேலேதான் வீடு. கடை பூட்டிக் கிடந்த அத்தனை நாளும் ஒருவர்கூடப் படியேறி வரவில்லை. ஷட்டரைத் தூக்கிய அன்று முதலில் வந்தவர் கேட்டார்: "என்னக்கா, இப்படி அலைய விட்டுட்டீங்களே?"

ஜெயிக்க வேண்டாம். இந்தத் தெருவில் தனக்கென்று யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்தால் போதும். அதை ஒவ்வொரு வாசலிலும் நின்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? பெட்டி சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

தெரு வந்தது. இதுவரை ஓட்டே போட்டிராத பிள்ளைகள்கூட வந்து வரிசையில் நின்றார்கள். எதிரே ஆள் நிற்கிறது என்றதும் மெம்பரும் பல வருஷத்துக்கு அப்புறம் தெருவுக்குள் வந்தார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரைத் தாண்டினார். மறுநாளே ஆள்விட்டு அள்ளினார்.

ஓட்டுப் போட்ட தெரு முழுக்க, முடிவு கேட்கவும் இன்றைக்குக் கிளம்பி வந்திருந்தது. சிரிக்கவும்.

மெம்பர் நல்ல மனுஷர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் வந்து குனிந்தார்.

"விடும்மா. உன் ஓட்டாவது உனக்கு விழுந்துச்சே! அதையும் மாத்திக் குத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஹால் மறுபடி வெடித்தது.

அதிகாரி கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். வாங்கிய அக்கா, கையெழுத்துப் போடாமல் தாளில் இருந்த அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த டீச்சர், "பாவம்" என்று பக்கத்தில் இருந்தவரின் காதைக் கடித்தார்.

அவமானம் இல்லை.

மறைப்புக்குள் நின்று முத்திரையைத் தன் பெயருக்கு நேரே கொண்டுபோனபோது, அக்காவுக்குக் கை இறங்கவில்லை. பத்துப் பேர் பார்க்கத் தன் தட்டில் தானே பெரிய துண்டாக எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி கூச்சமாக இருந்தது. சாக்கடையை அள்ளினாரே மனுஷர் என்று மெம்பருக்கே குத்திவிட்டு வந்துவிட்டாள்.

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஹாலில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதில் யாரோ ஒருவர், சிரிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.