முப்பத்தியோராவது தாஜ்மகால்

“வெள்ளிக்கிழமை வேண்டாங்க. அன்னிக்குத் தாஜ்மகால் லீவு” என்றாள் உஷாராணி, தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே.

குழந்தைசாமி காலண்டரில் போட்டிருந்த வட்டத்தை அடித்துவிட்டுச் சனிக்கிழமைக்கு இன்னொரு வட்டம் போட்டார். போடும்போதே இடுப்பில் சுரீரென்று வலித்தது.

முப்பத்தியோராவது தடவை. டெல்லிக்கு மாற்றலாகி வந்த இந்த இருபத்தாறு வருஷத்தில், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ரயிலேறி வந்த அத்தனை சொந்தபந்தத்தையும் அவர் ஆக்ராவுக்குக் கூட்டிப் போய்விட்டார். பங்காளிகள், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள், சம்பந்தி வீட்டுக்குச் சம்பந்தி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாரும் கேட்பது ஒன்றுதான். “தாஜ்மகாலுக்கு எப்பப் போறோம்?”

போனால் மட்டும் என்ன? எல்லாருடைய பைகளுக்கும் காவலாக அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் கோபுரத்தை விரல் நுனியில் தூக்குவதுபோல நிற்க, வெயிலில் முட்டி போட்டுப் படம் எடுத்துத் தர வேண்டும். அவருக்கு அந்தக் கட்டடத்தைக் கண்டாலே கொட்டாவி வந்தது.

இந்தத் தடவை அக்கா பூங்கோதை வருகிறாள். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். அவளிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. காசி முடித்துக்கொண்டு அக்கா, மச்சான், மகள், மருமகன், பேத்தி என்று ஐந்து பேர். குழந்தைசாமியோடு ஆறு, டிரைவரோடு ஏழு. இன்னோவா நிறைந்துவிடும்.

“எந்த வாசல்ல இறங்கறது, உஷா? போன தடவை மேற்கு வாசல்ல நசுங்கிட்டோம்.”

“கிழக்கு வாசலுக்கே போங்க. டிக்கெட்டை இப்பவே போன்ல போட்டுருங்க. சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, புளிசாதம் வண்டியிலயே இருக்கட்டும். பத்து மணிக்குள்ள பாத்துருங்க, அப்புறம் வெயில் பட்டுக் கண்ணு கூசும்.”

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். “பின்பக்கம் போய் யமுனையைக் காட்டாம அண்ணியைக் கூட்டிட்டு வந்துராதீங்க. மாசி மாசம் தண்ணி கம்மிதான். ஆனா காத்து அங்கதான் நல்லா வரும்.”

அவள் சொன்னால் தப்பாது. ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியதும் அவள் ஊற்றித் தரும் மிளகு ரசத்தைக் குடித்துக்கொண்டே வந்தவர்கள் அந்தப் பளிங்கையும் பூவேலையையும் பேசித் தீர்ப்பார்கள். குழந்தைசாமி மட்டும் வெந்நீர்ப் பையோடு கட்டிலில் குப்புற விழுந்துவிடுவார்.

மகள் அபூர்வா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, டாக்டர் கார்ல ரொம்ப தூரம் போகக் கூடாதுன்னாரே. டிஸ்க் இன்னும் நகர்ந்தா ஆபரேஷன்தான்.”

“அப்ப நீ கூட்டிட்டுப் போறியா?”

“நானா? ஸ்கூல்ல ரெண்டு தடவை, காலேஜ்ல ஒண்ணு. போர் ஹோ கயா, சலிச்சுப் போச்சுப்பா. ப்ளீஸ்.”

குழந்தைசாமி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். நினைக்கும்போதே முதுகெலும்பு நடுங்கியது.

“உஷா, என்னால முடியாது. இந்தத் தடவை நீயே கூட்டிட்டுப் போயிடு.”

கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. எட்டிப் பார்த்தார். தோசை ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்க, கரண்டியைப் பிடித்தபடி அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

பாவம், அவளும் மனுஷிதானே என்று நினைத்துக்கொண்டார். “உனக்கும் அலுத்துப் போயிருக்கும், எனக்குத் தெரியுது. அக்காளுக்காக இந்த ஒரு தடவை மட்டும்.”

“போறேனுங்க” என்றாள். குரல் தழைந்திருந்தது.

அவள் மனசு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று குழந்தைசாமி அக்காளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் பூங்கோதை சத்தம் போட்டாள்.

“நீ வராம என்னடா தாஜ்மகால்? யாருடா எங்களுக்கு எல்லாம் காட்டறது?”

“உஷா வர்றாக்கா. என்னைவிட அவளுக்குத்தான் அங்க ஒவ்வொரு கல்லும் அத்துப்படி.”

“அப்படிச் சொல்லு! அவ வந்தாப் போதும், நீ வீட்டுல படு.” அக்காவின் குரலில் இப்போது ஒரே குதூகலம். “உஷா, கண்ணு, பக்கத்துல இருக்கியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வாசலைத் தாண்டி மொத மொதல்ல அதைப் பாக்கறப்ப எப்படி இருக்கும்?”

உஷாராணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, போன் பக்கமாகக் குனிந்தாள்.

“தெரியலீங்க அண்ணி. நானும் இப்பத்தான் மொத மொதல்ல பாக்கப் போறேன்.”