பளபளக்கக் கூடாது

இடது கால் கட்டைவிரலில் ஊசி குத்துவதுபோல் வலி. குனிந்து தேய்க்கப் போன ரெய்னோ பாதியில் கையை இழுத்துக்கொண்டான். மழை வருவதாக இருந்தால் இந்த விரல்தான் முதலில் சொல்லும்.

நண்பன் வெர்னின் கார் ஷெட்டில் ஸ்டூல் போட்டு மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது பூட்ஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்தது. தரையில் விரித்த செய்தித்தாள்மேல் வில், அம்புக்கூடு, மடக்கு நாற்காலி எல்லாம் காட்டு நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தன. உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கியது ஒன்றுதான் மிச்சம்.

"முடிஞ்சுதா?"

"மூணாவது தடவை கேக்குறே." வெர்ன் ஒரு தேவதாருக் கொத்தை அதன்மேல் வைத்து அழுத்தி, ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிப் பச்சையைச் சீறவிட்டான். கொத்தை எடுத்த இடத்தில் இலையின் வடிவம் மட்டும் பழுப்பாக நின்றது.

"பெயிண்ட் அடிக்கிறியா, கேக்குக்கு க்ரீம் வைக்கிறியா? மானுக்கு இவ்வளவு ரசனையெல்லாம் கிடையாதுடா."

"போன ஞாயித்துக்கிழமை இருந்துச்சே."

போன ஞாயிறு, காது கிழிந்த கொம்புமான் ஒன்று கைக்கெட்டும் தூரம் என்று சொல்லும்படி வந்து நின்றது. ரெய்னோ வில்லை இழுக்கும் நேரத்தில் அந்தப் பாழாய்ப்போன அலுமினியக் குழாயில் வெயில் பட்டு மின்னியது. அடுத்த நொடி வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு அது போயே போய்விட்டது.

வீட்டில் ஃப்ரீசர் காலி. ஆலையில் ரம்பம் தீட்டி வரும் சம்பளத்தில் கடைக்கறி வாங்கி, குளிர்காலம் முழுக்க நாலு வயிற்றை நிரப்ப முடியாது.

"தலைமுடி காயவைக்கிற மெஷின் உன் பொண்டாட்டிகிட்ட இருக்குல்ல? எடுத்துட்டு வாடா, சீக்கிரம் காயட்டும்."

"போன தடவை எடுத்ததுக்கே ஒரு வாரம் வெறும் சூப்புதான் கிடைச்சுது. பேசாம உக்காரு. இன்னும் ஒரு பூச்சு இருக்கு, பளபளப்பை அடக்கறதுக்கு."

ரெய்னோ ஸ்டூலில் நெளிந்தான். தொடையில் விரலால் தட்டினான். ஜன்னலுக்கு வெளியே ஏரிக் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் சதுப்புக்காட்டுக்கு அதைவிடச் சரியான காற்று அமையாது. ஆனால் அவன் கேட்க வந்ததை இன்னும் கேட்டபாடில்லை.

"நாளைக்கு நீயும் வாயேன்."

டப்பா சீறுவது நின்றது. "பஸ் ஓட்டணும்."

"ஞாயித்துக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம்டா திறந்திருக்கு?"

"அப்போ, சர்ச்சுக்குப் போகணும்."

"உன் கல்யாணத்துக்கே சர்ச்சுக்கு லேட்டா வந்தவன் நீ!"

வெர்ன் சிரிக்கவில்லை. மரம் வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கிலி ரம்பத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போய்விட்டான். அதற்கப்புறம் மரத்தடியில் வண்டியைக்கூட நிறுத்துவதில்லை.

"அடிச்சு விழுந்தா நான் ஒருத்தனா அதை எப்படி இழுத்துட்டு வர்றது? நீயே சொல்லு."

"உன் மச்சானைக் கூப்பிடு."

"அவனா? பீர் பெட்டியைத் தவிர எதையும் தூக்கிப் பழக்கமில்லே."

வெர்ன் கடைசிப் பூச்சை அடித்து முடித்தான். ஹீட்டரை அதன் பக்கமாக நகர்த்தினான். காயும்வரைக்கும் இருவரும் கறியும் உருளையும் வைத்துச் சுட்ட பாஸ்டியைப் பிய்த்துத் தின்றார்கள். ரெய்னோவுக்கு ருசியே தெரியவில்லை. கூரையில் மழை விழத் தொடங்கியது.

வெர்ன் கம்பியை அவிழ்த்தான். அதை விளக்குக்கு நேரே இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். எங்கேயும் மின்னவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் கிடந்த பூட்ஸை எடுத்து அதன் அடியில் மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினான்.

பிறகு ரெய்னோவின் முன்னால் மண்டியிட்டு, இடது முழங்காலுக்குக் கீழே காலியாகத் தொங்கிய கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, செயற்கைக் காலைப் பொருத்தினான். கிளிக்கென்று உட்கார்ந்தது.

ரெய்னோ எழுந்து கதவுவரை நடந்து பார்த்தான். இல்லாத கட்டைவிரல் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது.

"வர்றியா, இல்லியா?"

வெர்ன் மண்டியிட்டபடியே இருந்தான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னான். "என்னை நம்பி எப்படிடா காட்டுக்குள்ள வருவே? உன்மேல விழுந்த மரம் நான் வெட்டினது."

ரெய்னோ வில்லை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"தெரியும்டா. எனக்கு ஒரு கால் பாக்கி வச்சிருக்கே. விடியறதுக்குள்ள உன் ரெண்டையும் எடுத்துக்கிட்டு வா."